மூன்றாவது பெயர்

தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றதும், கல்லூரி முதல்வர் வேதவதி, கூடைப்பந்து கோச் அனுசுயாவிடம் முக்கிய ஆட்டக்காரிகள் மூவரைப் பற்றி அறிக்கை கேட்டார். சனிக்கிழமையே அனுசுயா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜாஹ்னவி பந்தைக் கொண்டுபோவதில் கெட்டி, ஆனால் அவசரக்காரி. சுபஸ்ரீயின் குறி தப்பாது, தடுப்பாட்டம் போதாது. மூன்றாவது, அணியிலேயே உயரமான இருதயமேரி. 'பின்பாதியில் ஓடுவதே இல்லை. சோம்பல். அடுத்த ஆட்டத்துக்கு வேண்டாம்.' தோல்விக்கு ஒரு காரணம் அகப்பட்டதில் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிறு மதியம், ஸ்ரீரங்கத்து வீட்டில், கடைசி ஆட்டத்தின் வீடியோவைப் போட்டாள். மேரி எதிர்த்துக் கேட்டால் காட்ட நாலு இடம் குறித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

பின்பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேரி நின்றுவிட்டாள். இடது முழங்காலைப் பிடித்தபடி பெஞ்ச் பக்கம் திரும்பி, ஆள் மாற்றச் சொல்லிக் கை காட்டினாள். அங்கே பச்சைச் சட்டையில் ஒருத்தி நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அது தான்தான் என்று அனுசுயாவுக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று. மேரி மறுபடியும் கை காட்டினாள். இந்தத் தடவை பச்சைச் சட்டைக்காரி திரும்பினாள், பார்த்தாள், ஓடு என்று கையை வீசினாள். மேரி நொண்டிக்கொண்டே ஓடினாள்.

அனுசுயாவுக்கு இது நினைவிலேயே இல்லை. வீட்டில் யாரும் இல்லை. இருந்தும் லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள்.

திங்கட்கிழமை முதல்வர் அறைக்குப் போனாள். "மேடம், மேரியைப் பத்தி நான் எழுதினது தப்பு. வலிக்குதுன்னு கை காட்டியிருக்கா. நான்தான் வெளியே எடுக்கலை."

"துவாக்குடி ஆட்டத்துக்கு அவ பேர் இல்லாம லிஸ்ட் போயிடுச்சே" என்றார் வேதவதி. "உங்க கையெழுத்தை நம்பித்தானே அனுப்பினேன்."

சாயங்காலம் பயிற்சிக்கு முன், எல்லோர் எதிரிலும் அனுசுயா தன் தப்பைச் சொன்னாள். கடைசியில் வாய் சும்மா இருக்காமல், "ஆட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே மேரி" என்றாள்.

"முதல் ஆட்டத்துலயே சொன்னேன் மேடம்" என்றாள் மேரி. "எல்லாருக்கும்தான் வலிக்கும்னீங்க."

மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் அனுசுயாவே அவளைத் தில்லைநகரில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். மண்ணச்சநல்லூரிலிருந்து மேரியின் அம்மா வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். அனுசுயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க டீச்சர் ரொம்ப நல்லவங்கன்னு வீட்ல சொல்லிக்கிட்டே இருக்கும்ங்க. நீங்களே கூட்டியாந்திருக்கீங்க பாருங்க."

தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். மேரியும் எதுவும் சொல்லப்போவதில்லை.

"இல்லைங்கம்மா" என்றாள் அனுசுயா. "அவ வலிக்குதுன்னு சொல்லியும் நான்தான் ஓட வச்சேன். அதுக்கும் மேல, சோம்பேறின்னு எழுதிக் கொடுத்தேன்."

அந்த அம்மா கையை மெதுவாக விலக்கிக்கொண்டார். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், மகளைத் தோளில் தாங்கி உள்ளே கூட்டிப்போனார்.

"நீங்களும் வாங்க" என்று யாரும் சொல்லவில்லை. அனுசுயா வெளியிலேயே நின்றாள்.