கள்ளிப்பழச் சாறு, ஒரு மடக்கு

இருந்தவர்கள்: அக்கா முனீஸ்வரி. அவள் புருஷன் வெள்ளத்துரை. நான். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சிவப்பு ஜக்கு.

1

இந்தக் கதை அந்த ஜக்கிலிருந்து வந்தது. கற்பனை என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். பொய்.

மில்லில் எனக்கு இரவு ஷிப்ட். குடிப்பதெல்லாம் பகலில். திருச்சுழி ரோட்டோரம் பறித்த சப்பாத்திக்கள்ளிப் பழம் பதினைந்து. முள்ளைத் தணலில் சுட்டு, நறுக்கி, துணியில் பிழிந்தேன். எலுமிச்சை, சீனி, ஒரு சிட்டிகை உப்பு, கால் பாட்டில் வோட்கா. நிறம் மாறாது, வாடையும் தெரியாது. [செய்முறை போதும்.]

நான் குடிப்பது அக்காவுக்குத் தெரியாது.

2

வெள்ளத்துரையை எப்படி அறிமுகம் செய்வது? 'குடிகாரரான அவர்' – வேண்டாம். 'திருந்திய மனிதரான' – அதைவிட மோசம். மணிக்கட்டைக் காட்டினால் போதும். கருப்புக் கயிறு. குடியை விடுவதற்காகக் கோயிலில் கட்டியது. இழுத்துக்கொண்டு போனதே நான்தான். நாற்பத்தோரு நாள் கெடு. கயிறோடு ஒரு சொட்டு இறங்கினாலும் சாமி குத்தம். அது போகட்டும். கெடு நிறைந்தால் அவரோடு திரும்பிப் போவதாகவும், தவறினால் எங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதாகவும் அக்கா சொல்லியிருந்தாள்.

அன்று நாற்பத்தோராவது நாள், மதியம். அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வந்திருந்தார். அவள் பை கட்டித் தயாராக இருந்தது.

3

நான் குளித்துவிட்டு வருவதற்குள் டம்ளர் அவர் கைக்குப் போயிருந்தது.

"குடிச்சப்பவாச்சும் ஒடம்புல சதை இருந்துச்சு. இப்ப ஆளு பாதியாப் போயிட்டீக," என்றாள் அக்கா. "தம்பி கள்ளிப்பழம் பிழிஞ்சு வச்சிருக்கான். ரத்தம் ஊறும், குடிங்க."

(இங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னதாக ஒரு வரைவு இருந்தது. அதில் நான் நல்லவன். கிழித்துவிட்டேன்.)

ஒரு மடக்கு. நிறுத்தினார். கன்னம் உப்பியபடி என்னையே பார்த்தார். அவருக்கா தெரியாது?

"என்ன, எறங்கலையா?"

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

[கள்ளிப்பழத்தின் நடுவே நட்சத்திரம் போல ஒரு முள் இருக்கும். எடுக்காவிட்டால் தொண்டையில் குத்தும். இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.]

"முள்ளா? ஏலே, அதக்கூட எடுக்காமயா பிழிஞ்ச? நீங்க போயித் துப்பிட்டு வாங்க."

வாயைத் திறக்காமல் வாசல் இறங்கினார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படி

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

4

அக்கா டம்ளரை முகர்ந்தாள். வாடை தெரியாது என்பது குடிப்பவன் நம்பிக்கை.

"இது யாரு வேல?"

முடிவு ஒன்று: வேலியோரம் துப்பினார், கயிறு தப்பியது. முடிவு இரண்டு: நாற்பது நாள் தாகம், விழுங்கினார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது.

இந்தப் பக்கம் தெரியும். "மச்சான் வண்டியில பாட்டிலு இருந்துச்சுக்கா. அவருதான் ஜக்குல கலந்திருப்பாரு," என்றேன். அக்கா உட்கார்ந்து பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

படியில் செருப்புச் சத்தம்.

"மாப்ள, கொஞ்சம் தண்ணி கொண்டா."

கதவைப் பூட்டியது அக்கா என்றுதான் கடைசி வரைவு வரை வைத்திருந்தேன். நான்தான் சாத்தினேன். சாவியை இரண்டு முறை திருகினேன்.