மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

அற்புதமேரி வாயைத் திறந்தால் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். உப்பளத்து வரப்பில் நின்று நாள் முழுக்க ஆட்களோடு மல்லுக்கட்டுகிறவள். அப்பேர்ப்பட்டவளுக்குப் புதுச்சேரியில் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அது திருச்சபையின் திருமண நீதிமன்றம். எதிரே நீதிபதிச் சாமியார், பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு சிஸ்டர். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தாகிவிட்டது.

வழக்கு மகள் கிறிஸ்டியுடையது. விக்டரோடு எட்டே மாசம் வாழ்ந்து, உடம்பெல்லாம் தடிப்போடு திரும்பி வந்தவள். சர்க்கார் கோர்ட்டில் விவாகரத்து வாங்கி வருஷமாகிறது. ஆனால் கோயிலில் அந்தக் காகிதம் செல்லாதே! கடவுள் சேர்த்ததை ஜட்ஜ் பிரிக்க முடியுமா? நடந்தது கல்யாணமே இல்லை என்று சபை தீர்ப்புச் சொன்னால்தான் அவள் மறுபடி பீடத்துக்கு முன்னால் நிற்கலாம். கூட நிற்க ஆண்ட்ரூஸ் என்று ஒரு தங்கமான பையன் காத்துக்கொண்டிருக்கிறான்.

பயத்தில் சொன்ன சம்மதம் சம்மதமாகாது என்பது சபையின் சட்டம். கிறிஸ்டியின் பயத்தைக் கண்ணால் பார்த்தவள் பெற்றவள் ஒருத்திதான். அதற்குத்தான் இந்த நாற்காலி.

புருஷன் அந்தோணிதாஸ் காலையில் மிரட்டித்தான் அனுப்பியிருந்தான். "அவ இஷ்டப்பட்டுத்தான் கட்டிக்கினான்னு சொல்லு. பெத்த அப்பனே மிரட்டிக் கட்டி வெச்சான்னு பேர் வந்துச்சுன்னா, அப்புறம் நான் கோயில்ல தலைகாட்ட முடியாது, ஆமா."

சாமியார் கேட்டார்: "உங்க பொண்ணு இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிச்சாங்களாம்மா?"

"பீடத்துல சம்மதம்னு வாயால சொன்னா சாமி."

"அதுக்கு முன்னாடி?"

அற்புதமேரி முந்தானையைத் திருகினாள். புருஷன் மானம் ஒரு பக்கம், மகள் வாழ்க்கை ஒரு பக்கம். இத்தனை நாள் எந்தப் பக்கம் நின்றோம் என்று நினைத்தபோது அவளுக்கே அவமானமாக இருந்தது.

"வேணாம்னு சொன்னா சாமி," என்றாள். அதற்குப் பிறகு வார்த்தை நிற்கவில்லை. "இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு கோயில்ல மொத ஓலை வாசிச்சாங்களே, அன்னிக்கே சொன்னா. அந்தாளைப் பாத்தாலே பயமா இருக்கும்மான்னு என் மடியில வுழுந்து அழுதா. அவங்கப்பா, நீ மாட்டேன்னா நான் கடல்ல போய் வுழுந்துடுவேன்னு ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம கெடந்தாரு. கடேசில அவர் கால்ல வுழுந்து சரின்னா. அப்புறமும் ரெண்டு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிச்சாங்க. நான் மொத வரிசைலதான் உக்காந்திருந்தேன்."

"தடை ஏதும் அறிஞ்சவங்க பங்குத்தந்தைகிட்ட தெரிவிக்கணும்னு வாசிச்சிருப்பாங்களே?"

"வாசிச்சாங்க."

தடை என்றால் முன்னமே தாலி கட்டியிருக்கணும், இல்லை ரத்த உறவாக இருக்கணும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பெண் அழுவதெல்லாமா தடை? எந்தப் பெண் அழாமல் புருஷன் வீட்டுக்குப் போயிருக்கிறாள்?

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபமே இல்லை. "இப்போ சொன்னதை அன்னிக்கே பங்கு சாமியார்கிட்ட வந்து சொல்லியிருந்தா, அவர் இந்தக் கல்யாணத்தை நடத்தியிருக்க மாட்டாரும்மா. அதைக் கேக்குறதுக்குத்தான் மூணு வாரம் வாசிக்கிறது."

அட பாவி மனுஷி! கோயிலுக்கும் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். தினம் பூசைக்குப் போனவள். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை. ஊருக்கெல்லாம் கத்துகிற வாய் அந்த மூன்று வாரம் எங்கே போயிருந்தது? சிஸ்டர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

வெளியே வராந்தாவில் கிறிஸ்டி எழுந்து நின்றாள். "சொன்னியாம்மா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. உங்கப்பா என்னைக் கொன்னு போட்டாலும் சரி."

இப்போதாவது வாய் வந்ததா என்று மகள் கேட்பாள், நாலு பேர் பார்க்கக் கத்துவாள் என்று அற்புதமேரி காத்திருந்தாள். கிறிஸ்டி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்மா," என்றாள்.

பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா அது? முன்பின் தெரியாதவர்கள் உதவி செய்தால் சொல்லுகிற வார்த்தை அல்லவா!

"திட்டுடி. நாலு வார்த்தை திட்டிடேன்டி," என்றாள்.

"எதுக்கும்மா? நீ வரமாட்டேன்னுதான் நெனச்சேன். வந்துட்டியே," என்றாள் கிறிஸ்டி.