அச்சன்புதூரின் ஐந்தருவி

தென்காசி மாவட்டத்தில் அழகுணர்ச்சி என்று ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்கு ஒரே ஒருவன்தான் காரணம் என்றும், அவன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் கைலி கட்டிக்கொண்டு அதைத் தன்னந்தனியாகக் காப்பாற்றி வருகிறான் என்றும் முஃபீத் மனப்பூர்வமாக நம்பினான். அந்த ஒருவன் அவன்தான். பாளையங்கோட்டையில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படித்தான். மூன்றாம் ஆண்டில் இந்த மாதிரி நம்பிக்கைகள் வருவது இயற்கை.

காப்பாற்றும் பணி இன்ஸ்டாகிராமில் நடந்தது. பக்கத்தின் பெயர் ‘தென்காசி எலிவேஷன்ஸ்’. இந்த வட்டாரத்தில் வீட்டு முகப்பை எலிவேஷன் என்றுதான் சொல்வார்கள். வளைகுடாவில் சம்பாதித்த பணம் அஸ்திவாரத்துக்குப் போகும்போது சிமெண்டாகத்தான் இருக்கும். முகப்புக்கு வந்து சேரும்போது கற்பனையாக மாறிவிடும். ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டி விமானமாக இருக்கும். இன்னொன்றில் தூணுக்கு ஒரு நிறம் என்று கலர்ப்பெட்டியைக் கவிழ்த்திருப்பார்கள். இதையெல்லாம் பார்த்துத் தங்கள் வீட்டுக்கு ‘மாடல்’ எடுப்பதற்காகவே சாயங்காலங்களில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, கண்டவர் வீட்டு வாசலில் அண்ணாந்து நிற்பார்கள். வீட்டுக்காரர்களும் கோபப்பட மாட்டார்கள். உள்ளே கூப்பிட்டுக் குளியலறை டைல்ஸையும் காட்டுவார்கள். முஃபீத்துக்கு இந்த வழக்கத்தைக் கண்டால் உடம்பெல்லாம் எரியும்.

அவன் பைக்கில் போய் வீட்டைப் படம் பிடிப்பான். அதன்மேல் அருவிக்கரைப் போலீஸ் ஒலிபெருக்கியின் குரலில் பேசுவான். முகம் காட்ட மாட்டான். எழுத்து போட மாட்டான். எழுத்து போட்டால் நகைச்சுவை செத்துவிடும் என்பது அவன் கொள்கை. குரல் மட்டும்தான். இந்தக் குரல் யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள், பிளஸ் டூ படிக்கும் தங்கை அதீபா. அதற்காக அவள் மாதாமாதம் ஐஸ்கிரீம் வசூலித்து வந்தாள்.

அவன் பெரிய வெற்றி, அச்சன்புதூர் வீடுதான். அந்த வீட்டுப் போர்ட்டிகோவின் உச்சியில் யாரோ குற்றாலத்து ஐந்தருவியைச் சிமெண்டில் கட்டியிருந்தார்கள். பழுப்பும் பச்சையுமாகப் பாறை. அதில் நீல, வெள்ளை டைல்ஸ் சில்லுகள் பதித்த ஐந்து தடங்கள். சுவிட்ச் போட்டால் ஐந்திலும் தண்ணீர் விழும். பாறையின் ஓரத்தில் வால் உடைந்த ஒரு சிமெண்டுக் குரங்கு. முஃபீத் மைக்கை நெருங்கிப் பேசினான்: “குளிக்க வருவோர் கவனத்திற்கு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரவும். ஆண்கள் போர்ட்டிகோ பக்கம், பெண்கள் வாஷிங் மெஷின் பக்கம். கரண்ட் போனால் அருவியில் நீர்வரத்து இருக்காது. குற்றாலத்துத் தண்ணீரில் வளர்ந்த எவனாவது இந்த மோட்டார் தண்ணீருக்குத் தலை குனிவானேயானால், அன்றைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை தானாக இடிந்து விழும். நன்றி.”

அந்த ரீல் ஆலங்குளம் தாண்டி, திருநெல்வேலி தாண்டி ஓடியது.

இந்த நிலையில்தான் முஃபீத்தைப் பெற்ற அத்தா ஒலி முகம்மது சவூதியின் தம்மாமிலிருந்து லீவில் வந்தார். எப்போதும் அவருக்கு லீவு பங்குனி வெயிலில்தான் கிடைக்கும். அருவியில் பாறை மட்டும் இருக்கும். இந்தத் தடவை என்ன அதிசயமோ, ஆடிச் சாரலில் கிடைத்துவிட்டது. வந்த ஞாயிற்றுக்கிழமையே தன் தம்பியின் ஆம்னி வேனை இரவல் வாங்கி, சீட்டுக்கு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, துண்டு, மாற்றுத்துணி, எண்ணெய்க் கிண்ணம் சகிதம் குடும்பத்தை ஐந்தருவிக்குக் கொண்டுபோனார். அங்கே போனால் வெள்ளம். குளிக்கத் தடை. கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. அத்தா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, விழுகிற தண்ணீரின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ரம்புட்டான் பழம் வாங்கினார்.

“போட்டும். அடுத்த சீசனுக்கு வாராமலா போயிருவிய?” என்றாள் அம்மா ஹுஸ்னா.

“அடுத்த சீசன் யாரு கண்டா? இப்ப ஒரு அருவி பாத்தே ஆவணும். அச்சன்புதூர்ல ஒண்ணு இருக்கு, அங்கன போவோம்” என்று அத்தா வேனைத் திருப்பினார்.

முஃபீத்தின் வாயில் ரம்புட்டான் கொட்டை நின்றுபோனது.

“அச்சன்புதூர்ல எங்கன அருவி?” என்றாள் அம்மா.

“வீட்டு எலிவேஷன்ல கட்டிருக்காங்க ஹுஸ்னா. மாடல்னா அதான் மாடல். நம்ம வீட்டு முகப்புக்கும் அப்படித்தான் செய்யணும். ஒரு பையன் தென்காசி எலிவேஷன்ஸ்னு நடத்துதான். நம்ம ஊரு வீட்டையெல்லாம் எவ்வளவு பிரியமா எடுத்துப் போடுதான்! தம்மாம்ல டூட்டி முடிஞ்சு வந்து படுத்தா நான் அதத்தான் பாப்பேன். ஒண்ணு விடாம லைக் போட்டுருவேன்.”

“சத்தம் வச்சா பாப்பிய?” என்று பின்சீட்டிலிருந்து அதீபா கேட்டாள். முஃபீத் அவள் காலை மிதித்தான்.

“சத்தத்துக்கு எங்க போவ? ரூம்ல ஆறு பேரு, ஆளுக்கொரு ஷிப்டு. எப்பவும் ஒருத்தன் தூங்கிட்டே இருப்பான். எல்லாமே ஊமப்படந்தான். அப்படியே பழகிட்டு.”

முஃபீத்தின் எல்லா ரீலுக்கும், போட்ட உடனே ஒரு ரோஜாப்பூப் படக் கணக்கிலிருந்து லைக் வரும். யாரோ வெளிநாட்டில் இருக்கும் மேலான ரசிகர், தன் நகைச்சுவையின் நுட்பம் புரிந்தவர் என்று அதீபாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அந்த ரசிகர் இப்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

“அத்தா, இலத்தூர் குளத்துக்குப் போவமா? பறவையெல்லாம் வந்திருக்காம்” என்றான். பிறந்ததிலிருந்து காக்காயைக்கூட நிமிர்ந்து பார்க்காதவன்.

“பறவை எங்கயும் போவாது. நீ பேசாம வாலே.”

அந்தக் கட்டளையை அடுத்த ஒரு மணி நேரத்துக்கு முஃபீத் அச்சுப் பிசகாமல் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

அச்சன்புதூர் வீட்டில் அருவியைக் காணவில்லை. போர்ட்டிகோவின் உச்சியை நீலத் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அத்தா இறங்கி அண்ணாந்து நின்றார். பக்கத்தில் அம்மா அண்ணாந்தாள். கேட்டைக் கொஞ்சம்போலத் திறந்துகொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் எரிச்சல்.

“இங்கன ஒண்ணும் கெடையாது. போங்க.”

“மாடல் பாக்க வந்தோம் தங்கச்சி. தென்காசி. நான் தம்மாம்ல இருக்கேன், லீவுக்கு வந்தேன்” என்றார் அத்தா.

குடும்பத்தோடு வந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் இளகிவிட்டது. பெயர் ஜன்னத். வீட்டுக்காரர் முகம்மது சலீம் கத்தாரில் இருக்கிறாராம். “உள்ள வாங்கண்ணே, வாங்க மைனி” என்று கூட்டிப்போய், வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ போட்டாள்.

“தம்பி என்ன படிக்கு?” என்று முஃபீத்திடம் கேட்டாள்.

முஃபீத் சிரித்தான். தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

“என்னலே, இப்பத்தான் பறவை பறவைன்னு கத்திட்டு வந்த?” என்றாள் அம்மா. “இவன் வாய மூடி நான் பாத்ததில்ல. சளி புடிச்சிருக்கும்.”

“ஆமா, நல்ல சளி” என்றாள் அதீபா, டீயை ஊதிக்கொண்டே.

அத்தா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: “ஏந்தங்கச்சி அத மூடி வச்சிருக்கிய?”

ஜன்னத் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அவுகளுக்கு சீசன்ல லீவே கெடைக்காதுண்ணே. கலியாணத்துக்கப்புறம் ஒரு தடவகூட அருவில தண்ணி விழுந்து பாத்ததில்ல. அதான் கட்டுனோம். வீடியோ கால்ல இருந்துகிட்டே, ‘கொத்தனாரே, அந்தத் தடத்த இன்னுங் கொஞ்சம் எடதுபக்கம்’னு அவுகதான் சொல்லிச் சொல்லிச் செஞ்சாக. அந்தக் கொரங்கும் அவுக யோசனதான். சாயங்காலம் போன் வந்தா சுவிட்ச போட்டுக் காட்டுவேன். அத பாத்துக்கிட்டே சாப்பிடுவாக.”

“இப்ப?”

“ஒரு பாவி எடுத்துப் போட்டுட்டான். அதுக்கப்புறம் பயலுவ தலைல எண்ணெயோட வண்டில வந்து நிக்கானுவ. ‘எப்ப தண்ணி தொறப்பிய? பொம்பளைக்கு எந்தப் பக்கம்?’னு கத்துதானுவ. சோப்பு எறியுதானுவ. எனக்கு வாசல் தெளிக்க வெளிய வரவே கூச்சமாயிருக்கு. அவுககிட்ட மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குக் கொத்தனாரு வாராருன்னும் சொல்லியாச்சு. இடிச்சுட்டு, எல்லாரையும்போல வெறுஞ்சுவரா விட்டுரலாம்.”

“அவன் நல்லாத்தானம்மா காட்டிருந்தான்?” என்றார் அத்தா, குழம்பிப்போய்.

“நல்லாவா? என்ன சொல்லுதான்னு கேட்டியளா நீங்க?”

ஜன்னத் போனை எடுத்து, தேடாமலே அந்த ரீலைத் தட்டி, சத்தத்தைக் கூட்டி அத்தாவின் கையில் கொடுத்தாள்.

‘குளிக்க வருவோர் கவனத்திற்கு.’

முஃபீத் டீக் கிளாசுக்குள் பார்த்தான். தன் குரலில் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறோம் என்பதை அவன் முன்பெல்லாம் ரசித்துக் கேட்டிருக்கிறான். அந்த இடைவெளிகள் எல்லாம் இப்போது மிக நீளமாக இருந்தன. அம்மா முதலில் மகனைப் பார்த்தாள். பிறகு வேகமாகச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அத்தா யாரையும் பார்க்கவில்லை. ‘நன்றி’ வரைக்கும் கேட்டார். இன்னொரு தடவை முதலிலிருந்து கேட்டார். பிறகு போனைத் துண்டால் துடைத்து ஜன்னத்திடம் கொடுத்தார்.

“யாரு பெத்த புள்ளையோ” என்றாள் ஜன்னத். “தூங்குனாலும் அந்தக் கொரலு காதுலயே நிக்கிண்ணே. எங்க கேட்டாலும் கண்டுபுடிச்சுருவேன்.”

“பெத்தவன் ஊர்ல இருந்திருக்க மாட்டாம்மா” என்றார் அத்தா.

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று முஃபீத்துக்குத் தோன்றியது. ரீலை அழித்துவிடலாம் என்று பையிலிருந்த போனைத் தொட்டான். அழித்து என்ன ஆகப்போகிறது? அது ஆயிரம் போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கத்தார் வரைக்கும்கூடப் போகக் காத்திருக்கிறது.

“தங்கச்சி, இடிக்கதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ ஓட விடுங்க” என்றார் அத்தா. “நானும் சீசன்ல வந்தும் அருவில நனையல.”

ஜன்னத் யோசித்தாள். பிறகு எழுந்து தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தாள். முஃபீத் ஓடிப்போய் மறுமுனையை அவிழ்த்தான். அவள் உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் இரைந்தது. பாறையில் நாலு தடங்களில் தண்ணீர் இறங்கியது. ஐந்தாவது காய்ந்து கிடந்தது.

“அது அடச்சுக்கிட்டு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆளக் கூப்பிடவும் வெக்கமாருக்கு.” மோட்டார் நின்றது.

ரீலைக் கேட்டதிலிருந்து அப்போதுதான் அத்தா மகனைப் பார்த்தார். “ஏறுலே.”

முஃபீத் ஏணி வைத்துப் போர்ட்டிகோவின் மேல் ஏறினான். பக்கத்தில் பார்த்தபோது பாறை அப்படியொன்றும் மோசமாக இல்லை. பாசிக்காகப் பச்சையில் மூன்று விதம் பூசியிருந்தார்கள். நிஜ ஐந்தருவியில் ஒரு தடம் சற்றே விலகித் தனியாக விழும். இங்கேயும் அது விலகித்தான் இருந்தது. கத்தாரிலிருந்து ஒரு மனிதன், ஞாபகத்தை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் என்று சொன்ன இடம்.

பாறைக்குப் பின்னால் இருந்த சின்னத் தொட்டியில் கையை விட்டான். குழகுழவென்று ஏதோ வந்தது. கரைந்துபோன பச்சைச் சோப்பு ஒன்று, இன்னொன்று, பிறகு எண்ணெய் பாக்கெட் ஒன்று. எல்லாம் அவனுடைய ரசிகர்கள் அனுப்பியவை. குழாய் வாயைச் சுண்டுவிரலால் குடைந்து சுத்தம் செய்தான்.

“தம்பி, போடவா?” என்று ஜன்னத் உள்ளேயிருந்து கேட்டாள்.

முஃபீத் கையை ஆட்டினான். சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து அது தெரியாது.

“தம்பி! போடட்டுமா?”

கீழே அதீபா அண்ணனுக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அத்தா அவள் தோளில் கையை வைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள், மாடல் பார்க்க வந்த எந்தக் குடும்பத்தையும்போல.

முஃபீத் விளிம்புக்கு நகர்ந்து கீழே குனிந்தான்.

“போடுங்க மாமி” என்றான். ஒலிபெருக்கிக் குரல் இல்லை. ஆனாலும் அதே குரல்தான். “அஞ்சாவதும் வரும். நாந்தான்... தப்பு என்மேலதான் மாமி. மன்னிச்சுருங்க.”

தெருவில் ஒரு பைக் போனது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முஃபீத் சோப்புக் கையோடு, சிமெண்டுக் குரங்குக்குப் பக்கத்தில், அதே மாதிரி குந்தி உட்கார்ந்திருந்தான். இறங்கி ஓடலாமென்றால் ஏணிக்கடியில் அத்தா நின்றார்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து ஜன்னத் கேட்டாள்: “எண்ணெய் தேச்சுட்டு வந்திருக்கியா?”

பதில் வருவதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

ஐந்தாவது குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு, சோப்பு நுரையைத் துப்பிவிட்டு, நேராக முஃபீத்தின் பிடரியில் கொட்டியது. விலகி உட்கார இடம் இருந்தது. அவன் விலகவில்லை.

ஜன்னத் வெளியே வந்தாள். கண்களைத் துடைத்தாளா முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்தாளா, மேலேயிருந்து தெரியவில்லை. போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவனைப் படமெடுக்கிறாள் என்று முஃபீத் நினைத்தான். எடுக்கட்டும் என்றும் நினைத்தான்.

“இங்க பாருங்க, மோட்டார் சரியாயிட்டு” என்று போனிடம் சொன்னாள். “அஞ்சும் விழுது, தெரியுதா? இல்ல, இல்ல, கொத்தனாரு எதுக்கு? ஒண்ணுமில்ல, நான் வேற ஏதோ நெனச்சுச் சொன்னேன்.”

போனுக்குள் ஒரு ஆண்குரல் சந்தோஷமாக ஏதோ கேட்டது.

“அதா?” ஜன்னத் அண்ணாந்து பார்த்தாள். “தென்காசிப் பையன். குளிக்க வந்திருக்கான்.”

முஃபீத் கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் உச்சந்தலையில் வைத்து, அருவிக்கரையில் எல்லோரும் நிற்பதுபோலத் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான். மேற்கே மலைக்கு ஒன்றும் ஆகவில்லை.