காய்ச்சல் விட்ட காலை

மூன்றாவது சொம்புத் தண்ணீரையும் குணாளனின் தலையில் ஊற்றிய பிறகுதான் பிரேமாவதி மூச்சு விட்டாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்திருந்த தண்ணீர். பின்வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புருஷனின் நெற்றியை மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். ஐந்து நாளாய் நெருப்பாய்க் கொதித்த நெற்றி இன்று விடிந்தபோது சில்லென்று இருந்தது. அப்போது அவள் சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

“வயிறு வலிக்குது லா, பிரேமா.”

“அஞ்சு நாளா வெறும் கஞ்சித் தண்ணி. வலிக்காம என்ன செய்யும்? தொவட்டிக்கிங்க, இட்டிலி வெச்சிருக்கேன்.”

மூன்றாம் நாள் அவன் கையிலும் மார்பிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. பக்கத்து வீட்டுக் காளியம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மா போட்டிருக்கு. ஆஸ்பத்திரி, ஊசின்னு போயிறாத. ஆத்தாளுக்குக் கோவம் வந்துரும்.” காளியம்மா கெட்டவள் இல்லை. தன் மூன்று பிள்ளைகளின் அம்மையையும் வேப்பிலையிலேயே இறக்கியவள். அன்றே பிரேமாவதி கேட்டில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினாள். தாளிப்பு இல்லை, மீன் இல்லை, வெளியாள் உள்ளே வரக்கூடாது. டிங்கிக் கொசுக்காய்ச்சலாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்துதான் போனது. ஆனால் ரெண்டு வருஷத்துக்கு முன்புதான் குணாளன் டிங்கியில் கிடந்து எழுந்தான். ஒரு தடவை வந்தது மறுபடி வராது என்று அவள் நம்பினாள்.

அவளுக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரிந்திருக்க வேண்டியவள்தான். அவள் அப்பா முனியாண்டி கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கொசுவுக்கு எண்ணெய் அடித்தவர். வாரம் ஒரு நாள் முதுகில் டின்னை மாட்டிக்கொண்டு லயத்துக் கால்வாய் முழுக்க நடப்பார். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அவர் சொல்லித்தான் தோட்டத்து மருந்து டிரெசருக்கே தெரியும். தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், சனங்கள் கூலிம் பக்கத்து மலிவு வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். எண்ணெய் அடிக்க இங்கே யாரும் இல்லை. பைப்பில் தண்ணீர் நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். அதனால் வீட்டுக்கு வீடு நீல டிரம். அடைத்த கால்வாய்க்காகத் தெருவையே திட்டித் தீர்ப்பவள் பிரேமாவதி. ஊருக்குச் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவள் வீட்டு டிரம்முக்கு மூடி இல்லை.

இரண்டு நாளைக்கு முன்பு சுகாதார இலாகா வேன் தெருவுக்கு வந்தது. முக்காடு போட்ட இளம் அதிகாரி ஒருத்தி கேட்டருகே நின்றாள்.

“காக், அடா ஓராங் டெமாம்?”

யாருக்காவது காய்ச்சலா அக்கா என்று மலாயில் கேட்டவளிடம், “தாக் அடா”, யாருக்கும் இல்லை என்று கூசாமல் சொன்னாள் பிரேமாவதி. கூட வந்த இலாகா ஊழியன் திவாகரன் வேப்பிலையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

“அக்கா, ரத்தம் மட்டும் ஒரு தடவ பாத்துரலாமே.”

“அம்மா இருக்குற வீடு தம்பி. ஊசி ஆவாது. டிங்கி இவருக்கு வந்து போயிருச்சி.”

“டிங்கி மறுபடியும் வரும் க்கா. ரெண்டாவது வந்தா இன்னும் மோசம்.”

அவள் கேட்டைத் திறக்கவில்லை. அவன் டிங்கி நோட்டீஸ் ஒன்றைக் கேட்டில் செருகிவிட்டுப் போனான்.

இட்டிலியை ஒரு வாய் வைத்ததும் குணாளன் வாந்தி எடுத்தான். அதில் கறுப்பாய் ஏதோ இருந்தது. கைகால் ஐஸாகிப்போனது. காளியம்மாவின் மகன் லோகேஸ்வரனின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார்கள். ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டர் ஒருத்தி கேட்டாள்.

“காய்ச்சல் எப்பம்மா விட்டுச்சி?”

“இன்னிக்குக் காலைல டாக்டர். நல்லா குளுந்துருச்சி” என்றாள் பிரேமாவதி, நல்ல சேதி சொல்பவள்போல.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். “டிங்கில காய்ச்சல் விடுற நேரம்தாம்மா ஆபத்து. சூடு எறங்குனப்ப நீங்க ஓடி வந்திருக்கணும்.”

அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் குணாளன் போய்விட்டான்.

மறுநாள் ஆண்கள் பிணத்தைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன பிறகு பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். நீல டிரம்மிலிருந்துதான் தண்ணீர் மொண்டார்கள். பிரேமாவதி கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். நானே கொன்றேன், நானே தண்ணி ஊற்றிக் கொன்றேன் என்று உள்ளே ஒரு குரல் அறுத்துக்கொண்டே இருந்தது. பத்து வயது மகள் ரூபினி அவள் மடியில் சுருண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரித் தகவலில் வந்த சுகாதார இலாகா வேனின் சத்தம் கேட்டது. வாசலில் கூச்சல் கிளம்பியது.

“சாவு வூட்டுல வந்து கொசுவுக்குப் பொகை அடிப்பீங்களா?” காளியம்மாதான். “அம்மாவ இன்னும் எறக்கல. வேப்பிலைய யாரும் தொடக்கூடாது!”

திவாகரன் பின்பக்கமாய்ப் போய், கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் டிரம்மைக் காட்டச் சொன்னான். எழுந்து போய் எட்டிப் பார்த்த பிரேமாவதிக்கு அவன் டார்ச் அடித்துக் காட்டினான். நூல் நூலாய்க் கொசுப் புழுக்கள் வெளிச்சத்தைக் கண்டு அடிக்கு நெளிந்து ஓடின. இதை அவள் சின்ன வயதில் அப்பாவின் டார்ச் வெளிச்சத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். குணாளனைக் கடைசியாய்க் குளிப்பாட்டியதும் இந்தத் தண்ணீரில்தான்.

“அம்மா, கண்ணு பின்னால வலிக்குது” என்றாள் ரூபினி, பின்னாலேயே வந்து.

பிரேமாவதி மகளின் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. நேற்று சாயங்காலமே பிள்ளை சோர்ந்து கிடந்தது. அப்பாவை நினைத்து அழுது அழுது அப்படி என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவள் நேராகக் கேட்டுக்குப் போய் வேப்பிலைக் கொத்தை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தாள்.

“அடிப்பாவி! பதினாறு முடியாம வாசப்படி தாண்டக் கூடாதுடி!” காளியம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

“எனக்கு இனிமே என்னக்கா கெட்டது வரப்போவுது? தம்பி, ரத்தம் எங்க பாக்கணும்? கூட்டிட்டுப் போ.”

திவாகரன் அதிகாரியைப் பார்த்தான். மூன்று நாளைக்கு முன்பு பிரேமாவதி திருப்பி அனுப்பிய அதே பெண் வேனின் கதவைத் திறந்து பிடித்தாள். “நாயிக், காக்” என்று ஏறச் சொன்னாள்.

புகை மருந்து வீச்சம் அடித்த வேன். ரூபினி சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். பிரேமாவதி மகளின் நெற்றியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் வேன் நின்றபோது கையை இன்னும் அழுத்தினாள்.

“சூடு இருக்கா க்கா?” முன்சீட்டிலிருந்து திவாகரன் கேட்டான்.

“இருக்கு தம்பி” என்றாள். “இன்னும் இருக்கு.”