கடற்பக்கச் சுவர்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று, 'நல்ல ஆலோசகராக வளர உதவும் வேலைப்பழக்கங்கள்' என்று எழுதித் தரச் சொன்னது. மூன்று பழக்கங்களை எழுதினேன். மூன்றும் சரியானவை. திரும்ப வாசித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. நாலாவதைத் தொடங்கும்போது றொசாந்தியின் ஞாபகம் வந்தது. கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'கொழும்பிலிருந்து வந்த ஜஸ்ரின், சப்பாத்து மணலில் புதைய, கடற்கரையில் முழித்துக்கொண்டு…'

அடித்துவிட்டேன். சப்பாத்தோடு வந்து முழிக்கிறவரை வைத்துச் சிரிப்பது சுலபம். நான் சொல்ல வந்தவள் அப்படியானவள் அல்ல.

றொசாந்தி குருநகரில் பிறந்தவள். தகப்பன் கடற்றொழிலாளி. முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருடமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசகர். கடற்கரையில் எதுவும் அவளுக்குப் புதிதில்லை. அதனால்தான் பிழை விட்டாள்.

(இந்த வசனத்தைப் பின்னுக்குத் தள்ளலாமா என்று யோசித்தேன். இங்கேயே இருக்கட்டும்.)

பருத்தித்துறைப் பக்கம் ஒரு கரையில், கருவாடு போடும் பெண்களுக்கு நிறுவனம் ஒன்று மீன் வெட்டும் நிலையம் கட்டிக் கொடுத்திருந்தது. குழாய்த் தண்ணீர், கழுவக்கூடிய தரை, சீமெந்து மேடை, எல்லாம் இருந்தன. எட்டு மாதமாக ஒருவரும் உள்ளே போகவில்லை. பெண்கள் பழையபடி மணலில் குந்தியிருந்தே வெட்டினார்கள். ஏன் என்று பார்த்து அறிக்கை தரும்படி நிறுவனப் பணிப்பாளர் சிவகரன் றொசாந்தியைக் கேட்டார்.

"அவையளுக்குப் பழக்கமில்லைப் போல. விழிப்புணர்வுப் பயிற்சி தேவை எண்டு எழுதினீங்கள் எண்டால் காணும். சரிவராட்டிக் கட்டிடத்தை ஒரு மீன் கொம்பனிக்குக் குடுக்கலாம்" என்றார்.

வாசகர் அறிய வேண்டிய இன்னொன்று: இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கட்டிடத்துக்கு இடம் தெரிவு செய்தவளும் றொசாந்திதான்.

3

காலை பதினொரு மணிக்கு நிறுவனம் பெண்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தது. எல்லாரும் "நல்ல கட்டிடம்" என்றார்கள்.

றொசாந்தி ஒரு கொப்பி வைத்திருப்பாள். இடப்பக்கத்தில் மற்றவர்கள் சொன்னது, அவர்கள் சொன்னபடியே. வலப்பக்கத்தில் தான் கண்டதும் நினைத்ததும். இரண்டையும் கலக்க மாட்டாள். (கட்டுரையில் இது இரண்டாம் பழக்கம்.) அன்று இடப்பக்கத்தில் 'நல்ல கட்டிடம்' என்று ஒன்பது தரம் எழுதியிருந்தது. வலப்பக்கத்தில் ஒரே வரி: 'ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.'

வீட்டுக்குப் போய்ப் பழைய கொப்பியைத் தேடி எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பும் கூட்டம் பதினொரு மணிக்குத்தான். அந்த நேரம் கரையில் வேலை முடிந்துவிடும். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. தனக்குத் தெரியும் என்று நினைத்த இடத்தில் அவள் எதையுமே எழுதியிருக்கவில்லை.

4

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்குப் போனாள். பெண்கள் குழுவின் தலைவி மதுரா; அவளுக்கும் ஏறக்குறைய றொசாந்தியின் வயதுதான்.

"மதுரா, உள்ளை வந்து ஒருக்கா வெட்டிக் காட்டுவீங்களே?"

மதுரா ஒரு கூடை சூடை மீனோடு உள்ளே வந்தாள். மூன்று மீன் வெட்டினாள். எழும்பி வாசலுக்குப் போய்க் கட்டிடத்தைச் சுற்றிக் கடலை எட்டிப் பார்த்தாள். வந்து இன்னும் இரண்டு வெட்டினாள். மறுபடி போனாள். நாலாம் தரம் போனவள் திரும்பி வரவில்லை. றொசாந்தி வெளியே வந்து பார்த்தபோது வள்ளம் ஒன்று கரையேறியிருந்தது. இரண்டு வியாபாரிகள் முந்திப் போய் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நல்ல மீன் போய்விட்டது. மதுரா வெறுங்கையோடு வந்தாள்.

"இப்ப விளங்குதே மிஸ்? இந்தச் சுவராலை கடல் தெரியாது. வள்ளம் வாறதைக் காணாட்டி மீன் இல்லை. மீன் இல்லாட்டி இதுக்கை இருந்து என்னத்தை வெட்டுறது?"

"நேற்று ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"கட்டித் தந்தவையின்ரை முகத்துக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? முந்தியும் நீங்கள் கேட்டது, கட்டிடம் வேணுமோ எண்டு. ஓம் எண்டம். எங்கை, எப்பிடி எண்டு ஆரும் கேக்கேல்லை."

மணல் காற்று வராமல் கடற்பக்கத்தை மூடிக் கட்டும்படி பழைய அறிக்கை சொல்லியிருந்தது.

"அது நான் எழுதினது" என்றாள் றொசாந்தி.

"தெரியும்" என்றாள் மதுரா.

(இங்கே றொசாந்தியை அழவைத்து ஒரு பந்தி எழுதினேன். அவள் அழவில்லை, அளவு நாடா கேட்டாள். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து இருந்தார்கள். இருந்தபடி கடல் தெரிய வேண்டிய உயரத்தைச் சுவரில் கரியால் கீறினார்கள்.)

5

அந்தக் கரிக்கோடு வரை சுவரை உடைத்துத் திறக்கும்படி அறிக்கை எழுதினாள். அதன் முதல் வடிவத்தில் 'திட்டமிடலில் குறைபாடு காணப்பட்டது' என்று எழுதினாள். யாருடைய குறைபாடு, யார் கண்டது என்று தெரியாத வசனம். ஆலோசகர்களான எங்கள் அறிக்கைகளில் பாதி இப்படியான வசனங்கள்தான்.* மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாற்றினாள்: 'இடத்தையும் மூடிய சுவரையும் முன்மொழிந்தது நான். வேலை நடக்கும் நேரத்தில் வந்து பார்க்காமல் முன்மொழிந்தேன். அது பிழை.'

அனுப்புவதற்கு முன் கரைக்குப் போய்ப் பெண்களுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினாள்.

"உப்பிடி எழுதினால் இனி உங்களுக்கு வேலை தருவினமே?" என்று மதுரா கேட்டாள்.

"தெரியேல்லை."

*நானும் எழுதியிருக்கிறேன்.

6

சிவகரன் தொலைபேசியில் எடுத்தார்.

"றிப்போட் திறம். சுவரை உடைக்க அடுத்த கிழமையே ஆள் விடலாம். உங்கடை பிழை எண்டு எழுதினதை மட்டும் எடுங்கோ."

"ஏன் சேர்?"

"நீங்கள் பிழை எண்டால் அதுக்குக் கையெழுத்து வச்ச நாங்களும் பிழை. மேலிடம் விசாரணை எண்டு இழுக்கும். அது முடியுமட்டும் சுவரிலை ஒருத்தரும் கை வையேலாது."

"உதே பிளானிலை மாதகல் பக்கமும் ஒண்டு கட்டப் போறியள் எல்லே?"

"அத்திவாரம் வெட்டியாச்சு. அதை இப்ப குழப்பாதேங்கோ. நாலு மணிக்குத் திரும்ப எடுக்கிறன், முடிவைச் சொல்லுங்கோ."

றொசாந்தி மதுராவுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்களுக்குச் சுவர் உடைஞ்சால் காணும் மிஸ்" என்றாள் மதுரா. பிறகு, "மாதகல் ஆக்களை எனக்குத் தெரியாது. தெரியாட்டிலும்…"

அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை.

7

முடிவு ஒன்று: அந்த வசனங்களை எடுத்துவிடுகிறாள். சுவர் உடைகிறது. பெண்கள் உள்ளே இருந்து வெட்டுகிறார்கள். தை மாதம் மாதகலில் கடற்பக்கம் மூடிய ஒரு கட்டிடம் எழும்புகிறது.

முடிவு இரண்டு: அப்படியே விடுகிறாள். விசாரணை வருகிறது. மாதகல் வேலை நிற்கிறது. மதுராவும் மற்றவர்களும் மாரி முழுக்க மணலில் இருந்து வெட்டுகிறார்கள். றொசாந்தியை அதன் பிறகு ஒரு நிறுவனமும்…

முடிவு மூன்றும் எழுதினேன். வசனங்களை எடுத்துவிட்டு மாதகலுக்குப் போய் மேசனிடம் வாயால் சொல்கிறாள். அது அவளைத் தப்பவைக்க நான் கண்டுபிடித்த வழி. கையில் பிளானை வைத்திருக்கும் மேசன் வழியில் வந்தவர் சொன்னதற்காகச் சுவரைத் திறந்து கட்ட மாட்டார். அதையும் அடித்துவிட்டேன்.

நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அறிக்கை மடிக்கணினியில் திறந்தபடி இருக்கிறது. இவ்வளவு நேரமும் நான் றொசாந்தியின் கதிரையில் இருந்து பார்த்தேன். இப்போது எழும்புகிறேன். நீங்கள் அதில் இருங்கள்.