கண்ணகி ஆடுற நேரம்

கிரிக்கெட் நடக்கவில்லை. மழை. தார்ப்பாய் போர்த்திய மைதானத்தை அவ்வப்போது காட்டிவிட்டு, கோட்டு போட்ட நாலு பேர் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த இங்கிலீஷ் கீழப்பழுவூரில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, ஊர் ஆம்பளைகள் அதையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பூங்குழலி சேனலை மாற்றிவிட்டாள்.

கேபிள் தொழில் அவள் புருஷன் கொளஞ்சியப்பனுடையது. அவன் சாமான் வாங்கத் திருச்சிக்குப் போயிருந்தான். விளையாட்டுக்கென்று அவர்களிடம் இருந்தது ஒரே ரிசீவர். அதில் இவர்கள் எந்தச் சேனலை வைக்கிறார்களோ, அதைத்தான் ஊரே பார்க்க வேண்டும். இன்னொரு சேனலில் பெண்கள் கபடி இறுதி ஆட்டம் நேரடியாக வந்தது. ஆடுகிறவர்களில் ஒருத்தி ஆண்டாயி மகள் கண்ணகி. முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிற ஆண்டாயி வீட்டில் டிவி கிடையாது. மகள் ஆடி அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "இன்னைக்கி நீ பாத்தே ஆவணும்க்கா" என்று பூங்குழலிதான் அவளை இழுத்துவந்து, கேபிள் ரூமில் இருந்த சின்ன டிவி முன்னால் உட்காரவைத்திருந்தாள்.

போன் அடித்தது. லாரி முதலாளி வெள்ளைச்சாமி.

"ஏம்மா, கிரிக்கெட்டு எங்க?"

"மழ பேயுது மாமா."

"அதான் பேசுறாங்கல்ல, அதப் போடு."

"கபடி முடியட்டும், போடுறேன்."

போனை வைத்த சூட்டோடு ஆளே நேரில் வந்துவிட்டார். கோபம் கிரிக்கெட்டுக்காக மட்டுமா வந்தது? கண்ணகி பள்ளிக்கூடத்தில் ஆட ஆரம்பித்தபோது, "வயசுப் புள்ளைக்கு டவுசர மாட்டி ஆட வுட்டிருக்கா" என்று டீக்கடை டீக்கடையாகப் பேசியவர் அவர். அந்தப் பெண் இன்றைக்கு அவர் வீட்டு டிவியிலேயே டவுசரோடு ஓடினால் பொறுக்குமா?

"ஒங்க டிஷ் தட்டு யாரு மாடியில நிக்கிதுன்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. தெருவில் மச்சு வீடு அவருடையது ஒன்றுதான். சேனல் பிடிக்கிற அந்தத் தட்டு இறங்கினால் தொழில் படுத்துவிடும். பூங்குழலி ஆண்டாயியைப் பார்த்தாள். வெள்ளைச்சாமியைக் கண்டாலே எழுந்து நிற்கிறவள் அன்று அசையவில்லை. கண்ணை டிவியை விட்டு எடுக்கவும் இல்லை.

பூங்குழலி ரிசீவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "தாராளமா எறக்கிக்குங்க மாமா, நாளைக்கி. இன்னைக்கி கண்ணகி ஆடுறா."

"என்னடி திமிரு..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ஆண்டாயி குறுக்கிட்டாள். "செத்த சும்மா இருங்க மொதலாளி. எம்மவ போறா."

கடைசி ரைடு. மூன்று பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள். கண்ணகி பாடிக்கொண்டு உள்ளே போனாள். ரெண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் குப்புற விழுந்து, தரையோடு தரையாக ஊர்ந்து, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். ரெண்டு பாயிண்ட். விசில் அடித்துவிட்டார்கள். ஒரு பாயிண்ட்டில் தோல்வி.

வெள்ளைச்சாமி சிரித்தார். "இதுக்குத்தான் இத்தன ஆர்ப்பாட்டமா? தோத்துட்டாளே!"

அப்போதுதான் ஆண்டாயி திரும்பினாள். "ரெண்டு பேரு காலப் புடிச்சு இழுத்தும் கோட்டத் தொட்டால்ல? அதப் பாத்தீங்கல்ல?"

பூங்குழலி சேனலை மாற்றினாள். தார்ப்பாய் மேல் இன்னும் பெய்துகொண்டிருந்தது.

"இந்தாங்க மாமா, ஒங்க மழ."

மறுநாள் காலையில் தட்டு தெருவில் கிடந்தது. கொளஞ்சியப்பன் பெண்டாட்டியைத் திட்டித் தீர்த்தான். தீர்ந்ததும், "இப்ப இத எங்கடி வெக்கிறது?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"வானம் தெரிஞ்சா போதும், மச்சு எதுக்கு?" என்றாள் பூங்குழலி.

ஆண்டாயி கொல்லையில் மரம் மட்டை எதுவும் கிடையாது. அவளே கடப்பாரையைத் தூக்கிவந்து தட்டை நடக் குழி தோண்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. வெள்ளைச்சாமி கால்மேல் கால் போட்டு, முதல் பந்திலிருந்து கிரிக்கெட் பார்த்தார். அது ஆண்டாயி கொல்லையிலிருந்துதான் அவர் வீட்டுக்குப் போனது.