வடக்கு வரிசை, நான்காம் தூண்

"நாலும் அஞ்சும் போதும்மா. மத்ததெல்லாம் வேண்டாம்," என்று சொல்லி இன்ஜினியர் அளவுத்தாளை அவள் மேசைமேல் வைத்தபோது மணி பதினொன்றே கால். அந்த இரண்டு தூண் எண்களைச் சுற்றி அவரே சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். "கழட்டறதுக்கு முன்னாடி நீங்க எடுத்த உயரம் ஒரு பக்கம், போன வாரம் சர்வேயர் எடுத்த உயரம் ஒரு பக்கம். ரெண்டே வரி. மூணு மணிக்கு சீஃப் இன்ஜினியர் வர்றார், அவர் கையில குடுக்கணும்."

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "மேஸ்திரி உங்க அக்கா வீட்டுக்காரர்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உங்ககிட்டயே குடுக்கறேன். வேற யாராவது எழுதினா, ஜோடிச்சதுன்னு நாளைக்குச் சொல்லுவாங்க."

அவர் போனபின்னும் அவள் தாளைத் தொடவில்லை. தகரக் கூரை போட்ட வரைபட அறை அதற்குள் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, மேட்டின் உச்சியில், மண்டபத்தின் வடக்கு வரிசை தெரிந்தது. சாரத்துக்குள் ஏழு தூண்கள். முதல் ஐந்தின்மேல் கல் உத்திரமும் கூரைப்பலகைக் கற்களும் ஏறியிருந்தன. கடைசி இரண்டும் மொட்டையாக நின்றன.

கீழே ஆற்றில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. எண்ணூறு வருஷம் கரையில் நின்ற கோயில், தண்ணீருக்கு முன்னால் மேட்டுக்கு வந்து சேர வேண்டும். கோபுரவாசலும் கருவறையும் சென்ற ஆண்டே மேலேறிவிட்டன. மிச்சம் இந்த இருபத்தெட்டுக் கால் மண்டபம்தான். கோயில் முழுக்கப் பதினோராயிரத்துச் சொச்சம் கற்கள். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் அளந்து, வரைந்து, உடம்பில் எண் எழுதி விட்டவள் அவள். வேலையாட்களுக்கு அவள் நம்பரம்மா. "சாமிக்கே வீடு மாத்திக் குடுக்கறோம், எனக்கு ஒரு வாடகை வீடு கெடைக்கமாட்டேங்குது. என் முதுகுலயும் ஒரு நம்பர் போட்டு விடுங்க நம்பரம்மா, எங்கயாவது கொண்டு போய் எறக்கட்டும்," என்பான் கிரேன் ஓட்டும் மீசை. அவள் எழுதிய எண்ணை நம்பித்தான் அவன் கல்லைத் தூக்குவான். மேஸ்திரி அந்த எண்ணை நம்பித்தான் கல்லை இருத்துவார்.

சிக்கல் பத்து நாளைக்கு முன் ஆரம்பித்தது. நான்காம் தூணின்மேல் உத்திரம் உட்கார மறுத்தது. கிட்டத்தட்ட இரண்டு விரல் இடைவெளி. அடித்தளத்தை இன்ஜினியரின் ஆட்கள் தாழ்வாகப் போட்டுவிட்டார்கள் என்றார் மேஸ்திரி. மேஸ்திரியின் ஆட்கள் தூணின் அடியைச் செதுக்கிக் குட்டையாக்கிவிட்டார்கள் என்றார் இன்ஜினியர். வாய்ச்சண்டை முற்றியது, வேலை நிற்கக் கூடாது என்று ஈயத்தகடும் இரும்பு ஆப்பும் திணித்து இடைவெளியை அடைத்தார்கள். நேற்றுக் காலை, தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் போதிகைக் கல்லில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. எண்ணூறு வருஷத்துக் கல். இனி யாராவது ஒருவர் தலையைக் கொடுத்தாக வேண்டும்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். குடியிருப்பில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். "ரெண்டு நாளா மனுஷன் சரியாச் சாப்பிடல. தூக்கத்துல கூட 'நான் வெட்டல, நான் வெட்டல'ங்கறாரு," என்றாள். அப்புறம் தங்கையின் முந்தானையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டபடி, "ஆபீஸ்ல நீ இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இருக்கேன்," என்றாள்.

அவள் தன் பழைய அளவுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். நான்காம் தூண், இருநூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர். சர்வேயர் தாளில் இருநூற்று முப்பத்து நான்கு. ஐந்தாம் தூண், இருநூற்று முப்பத்தாறு, இப்போது முப்பத்தைந்து. எழுதினாள். இரண்டு வரி. பார்க்கிற எவருக்கும் புரியும்: நான்காவது மூன்று சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது, ஐந்தாவது ஒரு சென்டிமீட்டர். உளி பட்டிருக்கிறது.

புத்தகத்தை மூடப் போனவளின் கண் அடுத்த வரியில் விழுந்தது. ஆறாம் தூண், இருநூற்று முப்பத்தைந்து. சர்வேயர் தாளில் இருநூற்று முப்பத்தாறு. ஏழாம் தூண், முப்பத்து நான்கு. தாளில் முப்பத்தேழு.

கல்லைக் குறைக்கலாம். வளர்க்க முடியுமா?

நான்கு எண்களையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு தாளை மட்டும் கீழிருந்து மேலாக. முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்து நான்கு. புத்தகத்தில் இருந்தது அப்படியே, தலைகீழாக.

அந்த மண்டபத்துப் பாறை கிழக்கே போகப் போக மெல்ல உயரும். அந்தக் காலத்து ஆட்கள் பாறையைச் சமன் செய்யவில்லை. ஒவ்வொரு தூணையும் முந்தையதைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டையாக்கிக் கூரையைச் சமன் செய்திருந்தார்கள். கண்ணுக்கு ஏழும் ஒன்றுபோல இருக்கும். மேட்டில் புது அடித்தளத்தையும் அதே சரிவில்தான் போட்டார்கள். தளம் சரி. தூண்களும் சரி. மாறியது இடம்.

அவள் எழுந்து இரும்பு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். தூண்களைத் தூக்கியபோது அவற்றின் அடிப்பாகத்தில் தெரிந்த கீறல்களைத் தாளில் தேய்த்து எடுத்து வைத்திருந்தாள். சிற்பிகளின் குடும்ப அடையாளமாக இருக்கும் என்று கல்வெட்டு படிக்க வந்தவர் சொன்னார், அதோடு விட்டார்கள். ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு வாரம் கிளம்பியதால் தாள்களை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது வைத்தாள். முதல் தூணில் ஒரு கோடு. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. 'நான்கு' என்று அவள் கையெழுத்தில் இருந்த தாளில் ஏழு கோடுகள் இருந்தன. ஐந்தில் ஆறு, ஆறில் ஐந்து, ஏழில் நான்கு.

மண்டபத்தின் அடிவரிசைக் கல்வெட்டு அவளுக்கு மனப்பாடம். வெள்ளத்தில் சாய்ந்த மண்டபத்தைப் பிரித்து மறுபடி எடுத்துக் கட்டினோம் என்று அதில் வெட்டியிருந்தது. அப்படியானால் இந்தத் தூண்களை ஏற்கெனவே ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள். கழற்றும்போது எவனோ ஒருத்தன் குனிந்து உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒன்று இரண்டு என்று எண் போட்டிருக்கிறான். அவன் சரியாகப் போட்டிருந்தான்.

எண் மாறியது எந்த நாள் என்பதும் நினைவுக்கு வந்தது. முதல் மூன்று தூண்களும் லாரியில் போய்விட்டிருந்தன. மழை. உயரம் அளந்தபோதெல்லாம், எப்போதும்போல வெளியே நின்று, வலக்கைப் பக்கத்திலிருந்துதான் எண்ணியிருந்தாள். அன்று வெளியே முழங்கால் சேறு. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மண்டபத்துக்குள் ஒதுங்கி நின்று, பழக்கதோஷத்தில் அதே வலக்கையிலிருந்து நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று சிவப்புப் பெயின்டால் எழுதிவிட்டு ஓடினாள். வெளியே நின்றால் வலக்கை மேற்கு, உள்ளே நின்றால் கிழக்கு. அவ்வளவுதான் நடந்தது.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை.

அவள் உட்கார்ந்தாள். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது. இன்ஜினியர் கேட்டது இரண்டு தூண். அந்த இரண்டு வரியிலும் ஒரு பொய் கிடையாது. புத்தகத்தில் இருப்பதும் உண்மை, தாளில் இருப்பதும் உண்மை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேஸ்திரியை வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். அவருக்குக் கையில் தொழில் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். அவளுக்கு இருப்பது எண் போடுகிற வேலை. எண்ணைத் தப்பாகப் போட்டவளை எவன் வைத்துக்கொள்வான்? ஒரு நாள் தப்பு தெரிந்தால் மற்ற பதினோராயிரத்தையும் சந்தேகப்படுவார்கள். நியாயமாகவே சந்தேகப்படுவார்கள். யோசிக்க யோசிக்க, அக்கா நூலை எடுத்துப் போட்ட இடத்தில் தோள் எரிகிறமாதிரி இருந்தது. பேனாவை எடுத்தாள். தாளின் அடியில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு நிறுத்தினாள். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"நம்பரம்மா," என்று ஜன்னலில் மீசையின் தலை தெரிந்தது. எப்போதும் சிரிக்கிற முகத்தில் ஈயாடவில்லை. "உங்க மாமாவுக்கு என்ன ஆச்சு? ஆளுங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு ஒண்டியா மேல ஏறிட்டாரு. சீஃப் வர்றதுக்குள்ள ஆப்பை மாத்தப் போறாராம். நான் சொன்னா எங்க கேக்கறாரு?"

அவள் புத்தகத்தையும் ஃபைலையும் அளவுத்தாளையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். வெயிலில் கண் கூசியது. கற்குவியல்களுக்கு நடுவே செருப்பு ஒன்று கழன்றது, நிற்கவில்லை. மணி பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தது.

மேஸ்திரி சாரத்தின் மேல்தட்டில் மண்டியிட்டிருந்தார். கையில் சுத்தி. போதிகையின் விரிசல் நேற்றுப்போல் முடி கனத்தில் இல்லை. கீழே நின்றே பார்க்க முடிந்தது.

"மேஸ்திரி! கொஞ்சம் எறங்குங்க." வேலையிடத்தில் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் திரும்பவில்லை. "ஆபீஸ் அனுப்புச்சா?"

"இல்ல. அந்த ஆப்பைத் தொடாதீங்க. எறங்கி வாங்க, சொல்றேன்."

"எறங்கி? மூணு மணிக்குக் கைகட்டி நிக்கவா? இதைத் தட்டி எடுத்துட்டுப் பெருசா ஒண்ணு குடுத்தா வாய் மூடிக்கும். நீ போய்த் தாளை எழுது. எழுதச் சொல்லியிருக்காங்களாமே."

சுத்தி உயர்ந்தது. ஆப்பு வெளியே வந்தால் உத்திரம் மூன்று சென்டிமீட்டர் இறங்கும். அதன்மேல் இரண்டு கூரைப்பலகைகள்.

"மாமா!" என்று கத்தினாள். அந்த மேட்டில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. "தூணு மாறி நிக்குது. நாலாவது எடத்துல நிக்கறது ஏழு. நான்தான் நம்பரை மாத்திப் போட்டுட்டேன். நீங்களும் வெட்டல, தளமும் தப்பில்ல. நான்தான்."

சுத்தி அப்படியே நின்றது. மர நிழலில் உட்கார்ந்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பின்னால் காலடி கேட்டது, இன்ஜினியர்.

"என்னம்மா சொல்றீங்க?"

அவள் புத்தகத்தையும் தாளையும் நீட்டினாள். "நாலு வரியையும் பாருங்க சார். ரெண்டை மட்டும் பாக்காதீங்க."

அவர் பார்த்தார். பிறகு கோடுகள் தேய்த்த தாள்களைப் பார்த்தார். மறுபடி அளவுகளுக்கு வந்தார். அவர் முகம் மாறுவதை அவள் கவனித்துக்கொண்டிருந்தபோதுதான் மேலே அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. விரலில் சொடக்கு எடுத்தமாதிரி ஒன்று.

"யாரும் உள்ள வராதீங்க," என்றார் மேஸ்திரி. குரலில் கோபம் போய், வேலைக்குரிய நிதானம் வந்திருந்தது. "மீசை, வண்டியை எடு. முதல்ல பலகை ரெண்டும் எறங்கணும், அப்புறம் உத்திரம். ஜாக்கி ரெண்டு குடுங்கடா."

"நீங்க இறங்குங்க, மேஸ்திரி," என்றார் இன்ஜினியர்.

"எறங்கிட்டா பெல்ட்டை யார் மாட்டறது சார்?"

அவர் இறங்கவில்லை. உத்திரத்துக்கு அடியில் ஜாக்கிகளை நிறுத்தி ஏற்றினார். கிரேனின் கை மண்டபத்தின்மேல் வளைந்து வந்தது. முதல் பலகை கிளம்பியபோது உத்திரம் முனகியது. பெயர்ந்த சுண்ணாம்புத் தூள் அவர் தலையில் கொட்டியது. அவர் ஒரு கையை உத்திரத்தின்மேல் பரப்பி வைத்துக்கொண்டே இருந்தார், காய்ச்சல்காரனின் நெற்றியில் வைப்பதுபோல. இரண்டாவது பலகை. மீசை மேஸ்திரியின் விரல் அசைவை மட்டும் பார்த்து ஓட்டினான். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றாள். செருப்பில்லாத காலை சரளைக் கல் சுட்டுக்கொண்டிருந்தது. அதை உணர்ந்தும் எடுக்கவில்லை. அவர் தவறி விழுந்தால் அக்காவிடம் என்ன சொல்வது என்று மனம் வாக்கியம் வாக்கியமாகக் கட்டிப் பார்த்தது. ஒரு வாக்கியமும் முழுசாக நிற்கவில்லை.

உத்திரம் ஒரு அங்குலம் மேலே எழுந்தது. பின் ஒரு முழம். ஆடாமல் அசையாமல் வெளியே போய் மரக்கட்டைகளின்மேல் இறங்கியதும் யாரோ கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியாகப் போதிகை. பெல்ட்டைச் சுற்றி, மேஸ்திரி விரலைக் காட்டினார். கல் கிளம்பியது. கிளம்பியது பாதிதான். மறுபாதி தூணின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது.

அதையும் இறக்கினார்கள். பிறகுதான் அவர் இறங்கினார். புருவமெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு. இன்ஜினியர் அவர் பக்கம் வந்தார். தண்ணீர்க் குவளையை நீட்டினார். மேஸ்திரி வாங்கி மடமடவென்று குடித்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலையில ஏழு மணிக்குப் பார்த்தேன்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "மேலாப்பலதான் இருந்துச்சு. அப்பவே எறக்கியிருந்தாக் கம்பி குடுத்து ஒட்டியிருக்கலாம். பன்னெண்டு மணிக்கு மேல ஏறிப் பாக்கறேன், பாதி ஆழம் போயிருச்சு." குவளையைக் கீழே வைத்தார். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

'இப்பத்தான், தெரிஞ்ச ஒடனே ஓடி வந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். ஒற்றைச் செருப்போடு அவள் ஓடிவந்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் மறுக்கப்போவதில்லை.

"பதினொண்ணரைக்கு," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை. போய் உடைந்த கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். இரண்டு பாதிகளும் சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தன. வெளிப்பக்கம் எண்ணூறு வருஷத்துப் புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருந்தது. உடைந்த பக்கம் வெளிர்நீலத்தில், உப்பைக் கொட்டியதுபோல் பளபளத்தது. சூரியனை அது பார்ப்பது இன்றைக்குத்தான். மேஸ்திரி உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். தூரத்தில், மேட்டுப்பாதையில், சீஃப்பின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு ஏறி வருவது தெரிந்தது. ஆட்கள் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார்கள். மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. அவர் கையை எடுத்தபோது வியர்வையில் ஐந்து விரலும் அந்த வெளிர்நீலத்தின்மேல் கருப்பாகப் பதிந்திருந்தன. வெயிலில் ஓரத்திலிருந்து காயத் தொடங்கின.